முனைகள் இல்லாத வீடு

ரொட்டிக்காரர் போனைக் காதில் வைத்தபடி, "வாங்கண்ணே, தாராளமா வாங்க, இதையெல்லாம் கேக்கணுமா?" என்றார். சொல்லும்போது மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அதிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மடியில் கிடந்த துணியில் ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமாவா?"

"ம். லீவுக்கு வர்றாங்களாம். அண்ணன், அண்ணி, வாலு. நாலு நாள்."

"முடியாதுங்கற வார்த்தை உங்க வாயில வராதா?"

"என்னன்னு சொல்றது? இடமில்லன்னா? சாமானே இல்லாத வீட்டுல இடமில்லன்னா எவன் நம்புவான்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பேக்கரி வேன் ஓட்டியதால் அவர் அந்தத் தெருவுக்கு ரொட்டிக்காரர். ஜன்னல் திரை தைக்கும் கடையில் வேலை பார்த்ததால் அவள் திரைக்காரி. வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை, அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் கட்டில் இல்லை, மேசை இல்லை, நாற்காலி இல்லை, பீரோ இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடிகூட இல்லை. துணிமணிகள் அவளே தைத்த பைகளில் சுவரோரம் தொங்கின. தரையில் ஒரு மெத்தை. குளியலறைக்குக் கதவு இல்லை; கடையில் மிஞ்சிய கனத்த துணியில் இரட்டை மடிப்பு வைத்துத் தைத்த திரைதான் தொங்கியது.

எல்லாம் ஒரு காலத்தில் இருந்தவைதான். ஒருநாள் காலையில் ரொட்டிக்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வெட்டிய மரம்போல் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் பீரோ முனை நெற்றியைப் பிளந்தது. ஏதோ தலைசுற்றல், சாப்பிடாமல் கிளம்பியதால் வந்தது என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அடுத்த தடவை குளியலறைக்குள் வந்தது. உள்ளே தாழ்ப்பாள். தகரக் கதவில் அவர் கால்கள் அடித்துக்கொண்ட சத்தம் அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைப் பெயர்த்து எடுத்தார். பெயர்த்த கதவை அவள் திரும்பப் போடவிடவில்லை.

டாக்டர் வலிப்பு என்றார். மாத்திரை நேரம் தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, வண்டியைத் தொடக்கூடாது. "ஒரு வருஷம் முழுசா ஒண்ணும் வராம இருக்கட்டும், அப்புறம் வண்டியைப் பத்திப் பேசலாம்." பேக்கரி முதலாளி நல்ல மனுஷர், பேக்கிங்கில் உட்காரவைத்தார். அதற்கப்புறம் வீட்டில் எது கண்ணில் பட்டாலும் திரைக்காரிக்கு அதன் முனை மட்டுமே தெரிந்தது. மேசை போயிற்று, கட்டில் போயிற்று, கண்ணாடி டம்ளர் எல்லாம் போய் பிளாஸ்டிக் வந்தது. வீடு இளைத்துக்கொண்டே வந்து கடைசியில் தரையும் சுவரும் மிஞ்சின.

இதில் ஒரு வார்த்தைகூட அண்ணனுக்குத் தெரியாது. அவர் பஸ் டிப்போவில் மேஸ்திரி. அப்பா போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். யார் வந்தாலும், "என் தம்பி கையில வண்டி பூ மாதிரி போகும்" என்பார். அவர்கள் வம்சத்தில் ஒரு சித்தப்பாவுக்கு இந்த நோய் இருந்தது. அவரைக் கடைசிவரை எல்லோரும் 'இழுப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். செத்த அன்றும் 'இழுப்பு போயிட்டான்' என்றுதான் ஆள் சொல்லி அனுப்பினார்கள்.

"எனக்கு அந்தப் பேரு வேண்டாம்" என்று ரொட்டிக்காரர் ஒரே ஒரு தடவை மனைவியிடம் சொல்லியிருந்தார். அவளும் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

விடுமுறையின் முதல் நாள் காலையில் டிப்போக்காரர் இரண்டு பைகளோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, திரைக்காரிக்கு ஓரகத்தி. அவர்களுக்கு முன்னால் முந்திரிக்கொட்டையாக உள்ளே பாய்ந்தது பன்னிரண்டு வயசு மகள் வாலு.

டிப்போக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எதிரொலி கேட்கும்போல் இருந்தது.

"என்னடா, வீடு மாத்தறீங்களா?"

"இல்லண்ணே."

"பின்ன? திருடன் வந்துட்டுப் போன மாதிரி இருக்கு?"

திரைக்காரி தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றாள். முந்தின நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தார்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. காப்பாற்றியது வாலுதான்.

"அய்யோ அப்பா, ஒண்ணும் தெரியாதா உங்களுக்கு? இதுக்குப் பேரு மினிமலிசம். எதுவுமே வச்சுக்காம சிம்பிளா வாழறது. இதப் பத்தி எத்தனை வீடியோ வருது தெரியுமா? சித்தி, நீங்க மினிமலிஸ்ட்டா?"

"ஆமாம்மா" என்றாள் திரைக்காரி. முங்குகிறவள் கையில் கயிறு கிடைத்தமாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் அதுதான்."

"எதும்மா?" என்றார் டிப்போக்காரர்.

"அவ சொன்னது, மாமா."

ஓரகத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எல்லோரும் உட்கார்ந்தார்கள், தரையில்தான்.

முதல் நாள் உண்மையிலேயே நன்றாகப் போயிற்று. திரைக்காரி பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு காய். வட்டமாக உட்கார்ந்து நடுவில் பாத்திரத்தை வைத்து ஆளுக்காள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். "அலைய வேண்டியதில்ல, தூசி தட்ட வேண்டியதில்ல, நீ கெட்டிக்காரிடி" என்றாள் ஓரகத்தி. வாலு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கரணம் போட்டாள். கதவில்லாத குளியலறைதான் டிப்போக்காரருக்குப் பெரிய சோதனை. உள்ளே போனால் ஆள் இருப்பது தெரியவேண்டுமே என்று வாய்விட்டுப் பாட ஆரம்பித்தார். சுருதி எங்கோ, பாட்டு எங்கோ. வெளியே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் திரைக்காரி தன் கணவனைப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவர் முகம் பழைய முகமாக இருந்தது. இப்படியே நாலு நாளும் ஓடிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

ஆனால் படுக்கையைப் போட்டபிறகுதான் அண்ணன் தம்பிக்குப் பேச்சே தொடங்கியது. டிப்போ கதை, பழைய வண்டிக் கதை, யார் எந்த மேட்டில் பிரேக் பிடிக்காமல் தவித்தான் என்ற கதை. "தூங்குங்களேன், காலையில பேசிக்கலாம்" என்று திரைக்காரி இருட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "லீவுக்கு வந்ததே பேசத்தானம்மா" என்றார் டிப்போக்காரர். தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டர் சொன்னது அவள் நெஞ்சில் ஆணிபோல் நின்றது. மாத்திரைகளைத் தன் தையல் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் டம்ளரோடு பக்கத்தில் போனால் அண்ணன் அங்கே இருந்தார். மறுபடி போனால் அண்ணி. ரொட்டிக்காரர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அப்புறம் போட்டுக்கொள்வதாக ஜாடை காட்டினார். அந்த அப்புறம் வரவே இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் டிப்போக்காரர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒரு சுமை வண்டியோடு திரும்பினார். இரண்டு ஆட்கள் இறக்கிவைத்ததைத் திரைக்காரி வாசலில் நின்று பார்த்தாள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரிக் குட்டையான இரும்புக் கால்கள், மேலே தடித்த கண்ணாடி. மேசையின் நாலு முனையும் வெயிலில் பளபளத்தன.

"எதுவும் பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றார் டிப்போக்காரர். "புள்ள ஏதோ பேரு சொல்லுது, நானும் தலையாட்டினேன். ஆனா என் தம்பி தரையில தட்டை வச்சுத் தின்னறத என்னால பாக்க முடியல. இது அண்ணன் குடுக்கறது. வேண்டாம்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்."

மேசை கூடத்தின் நடுவில், ரொட்டிக்காரர் வழக்கமாக நடமாடும் இடத்தில், உட்கார்ந்துகொண்டது. "நல்லாருக்குண்ணே" என்றார் அவர். வாய் மட்டும் சிரித்தது.

அன்று சாயங்காலம் திரைக்காரி பஞ்சு வைத்த துணியை நறுக்கி, மேசையின் நாலு முனையிலும் சுற்றி ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஓரகத்தி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி பண்ற?"

"இடுப்புல இடிச்சுக்குவேங்க்கா. எனக்கு நிதானம் பத்தாது."

"இத்தனை குட்டை மேசை இடுப்புல எங்கடி இடிக்கும்? முட்டிக்குக்கூட எட்டாதே."

திரைக்காரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஊசி விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ஓரகத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பிக் குளியலறைத் திரையைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் நூலை எடுத்து இன்னொரு முனையைச் சுற்றத் தொடங்கினாள்.

சாப்பாட்டின்போதுதான் டிப்போக்காரர் குண்டைத் தூக்கிப் போட்டார். மறுநாள் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்கள். வாடகைக் கார் சொல்லியாகிவிட்டது. காலையில் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

"டிரைவர்?" என்று கேட்டாள் திரைக்காரி.

"டிரைவரா? வீட்டுல சிங்கத்த வச்சுக்கிட்டு ஊர்ல டிரைவர் தேடறதா? தம்பி ஓட்டுவான். நான் பின்னாடி முதலாளி மாதிரி கால்மேல கால் போட்டு உக்காந்துக்குவேன். எத்தனை வருஷ ஆசை தெரியுமா?"

"சித்தப்பா பக்கத்துல நான்!" என்று வாலு கையைத் தூக்கினாள்.

ரொட்டிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சரிண்ணே" என்றார்.

திரைக்காரி பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் அவரைச் சமையலறைக்குள் வரவழைத்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காமலிருக்க.

"என்ன சரி? என்ன சரின்னு கேக்கறேன்."

"மெதுவாப் பேசு."

"ரெண்டு நாளா மாத்திரை ஒழுங்கா போடல. ராத்திரியும் தூங்கல. நீங்க கார் ஓட்டப் போறீங்களா?"

"ஒரே ஒரு தடவ. மூணு மாசமா வரல இல்ல? வராது. எனக்குத் தெரியும், உடம்பு எப்படி இருக்குன்னு."

"அன்னிக்கும் தெரிஞ்சுதா, பொத்தான் போடும்போது?"

அவர் கைகள் ஈரமான சமையல் மேடையைப் பிடித்திருந்தன. வளைவில் வண்டி திருப்புகிற கைகள். அந்தக் கைகளுக்கு என்ன பசி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"உண்மையச் சொல்லிடலாம். மாமா என்ன வேத்து ஆளா?"

"வேத்து ஆளா இருந்தா சொல்லிடுவேன்" என்றார் ரொட்டிக்காரர். "நீ வாயத் தொறந்தா அதோட நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. நெனப்புல வச்சுக்க."

காலையில் கார் வந்து நின்றது. வெள்ளைக் கார், கழுவித் துடைத்தது. திரைக்காரி முதலில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். "அப்ப வண்டி இருக்கறது நல்லதாப் போச்சு, வழியில ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போலாம்" என்றார் டிப்போக்காரர். உடனே வலி சரியாகிவிட்டது என்று எழுந்தாள். அடுத்து, ஜன்னலோரம் வைத்திருந்த கார் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். வீடே சாவியைத் தேடியது. ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒளித்துவைக்க எத்தனை இடம் இருக்கும்? வாலு கரண்டியைவிட்டுத் துழாவி எடுத்துவிட்டு, "சித்தி, உங்க மறதிக்கு அளவே இல்லயா?" என்றாள். ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவள் கதவைப் பூட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு தடவை முயன்றும் பூட்டு பூட்டவில்லை. தெருவுக்கு வந்தபோது ரொட்டிக்காரர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாலு. அவளுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பின் சீட்டில் டிப்போக்காரர் சொன்னபடியே கால்மேல் கால் போட்டிருந்தார். ஓரகத்தி பக்கத்தில் இடம்விட்டு ஒதுங்கி, "வாடி" என்றாள். வண்டி உறுமியது. ரொட்டிக்காரர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ரொட்டி வேனில் முன்னால் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டினாரே, அந்த முகம்.

அவள் திறந்திருந்த பின் கதவைச் சாத்தினாள். சுற்றிக்கொண்டு போய் காருக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் பானெட்டின் மேல் வைத்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்று டிப்போக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

ரொட்டிக்காரர் கண்ணாலேயே நகரச் சொன்னார். அவள் நகரவில்லை. அவர் ஹார்ன் அடித்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் எட்டிப் பார்த்தாள். மறுபடி ஹார்ன், இந்தத் தடவை நீளமாக. அவள் உள்ளங்கையில் எஞ்சின் அதிர்ந்தது.

"நகரு" என்றார்.

"மாட்டேன்."

"நகருடி!"

"மாட்டேன்! ஏத்திட்டுப் போங்க!" என்று கத்தினாள். அதுவரை அவள் குரல் அந்தத் தெருவில் யார் காதிலும் விழுந்ததில்லை. "மாமா, உங்க தம்பிக்கு வலிப்பு இருக்கு! ரெண்டு தடவ வந்தாச்சு! வண்டியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு! வீடு காலியா இருக்கறது சிம்பிளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, இவரு விழுந்தா அடிபடக்கூடாதுன்னு! குழந்தைய எறக்குங்க மாமா, உங்க கால்ல விழறேன், அவளை எறக்குங்க!"

எஞ்சின் நின்றது.

முதலில் இறங்கியது ஓரகத்தி. முன் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். டிப்போக்காரர் மெதுவாக இறங்கினார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நடுத்தெருவுல என் தம்பிய இப்படி..." என்றார். "வீட்டுக்குள்ள சொல்லியிருக்கலாமேம்மா."

ரொட்டிக்காரர் இறங்கினார். சாவியை பானெட்டின் மேல், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். யாரையும் பார்க்காமல் தெருவில் நடக்கத் தொடங்கினார். "டேய், தம்பி!" என்று அண்ணன் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டார்.

கோபம் தணிந்து வரட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தார்கள். வரவில்லை. போனை எடுத்துப்போகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரைக்காரி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பேக்கரி விடுமுறை, ஷட்டர் இறங்கியிருந்தது; பின்பக்கம் வேன் நிற்கிற இடத்தில் காவலாள், "இந்தப் பக்கம் வரலையே" என்றான். பூங்காவில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் இல்லை. ரயில் பாதை மேல் பாலம் ஒன்று அந்தப் பக்கம் உண்டு. அதை நினைத்ததும் அங்கே ஓடினாள். வலிப்புக்கு மட்டும்தானா பயப்படவேண்டும்? மானத்துக்கு அஞ்சுகிற மனுஷன் மானம் போனபிறகு என்ன செய்வான்? படிகளில் ஏறினாள். நடுப்பாலத்தில் நின்று கீழே பார்க்கத் தைரியம் வராமல் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து பார்த்தாள். தண்டவாளம் வெறிச்சென்று வெயிலில் கிடந்தது. நான்தான் தள்ளிவிட்டேன், நான்தான் தள்ளிவிட்டேன் என்று வாய் முணுமுணுத்தது.

பாலத்தின் அந்தப் பக்கம் கடைத்தெரு. மூடிய கடைகளுக்கு முன்னால் சின்னக் கூட்டம் ஒன்று நின்றது. கூட்டம் நின்ற விதத்திலேயே, எல்லோரும் குனிந்து நடுவில் பார்த்த விதத்திலேயே, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வழி விடுங்க! என் வீட்டுக்காரர்! வழி விடுங்க!"

ரொட்டிக்காரர் நடைபாதையில் கிடந்தார். உடம்பு வில்லாக வளைந்து வளைந்து உதறியது. கருங்கல் படியின் விளிம்பு தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. யாரோ, "இரும்பு குடுங்க, இரும்பு!" என்றார்கள். யாரோ வாயில் துணியைத் திணிக்கப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தெருவோரம் வெள்ளைக் கார் கிரீச்சிட்டு நின்றது. டிப்போக்காரர் ஓடிவந்தார். இரும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கார் சாவியைத் தம்பியின் மூடிய விரல்களுக்குள் திணிக்கப் போராடினார்.

"அது வேண்டாம் மாமா" என்றாள் திரைக்காரி. மண்டியிட்டு அவர் தலைக்கடியில் தன் கைகளை விரித்தாள். "வாயிலயும் ஒண்ணும் வைக்காதீங்க. புடிச்சு அழுத்தாதீங்க. அதுவா நிக்கும். நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். எல்லாரும் கொஞ்சம் காத்து விடுங்க."

நின்றது. நிற்கும்வரை அவளுடைய புறங்கை சிமெண்டில் உரசித் தோல் பிய்ந்துபோயிற்று. ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். மூச்சு சீராகியது. வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர் அண்ணனைப் பார்த்தார்.

"எங்கண்ணே போறோம்?"

"எங்கயும் போகலடா" என்றார் டிப்போக்காரர். "வீட்டுக்குத்தான்."

பிறகு டிப்போக்காரர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூடிய கடையின் ஷட்டரைப் பார்த்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஊருக்குக் கிளம்பும்வரை யாரும் வெளியே போகவில்லை. மேசையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் ரொட்டிக்காரர் பயந்தது நடந்தது. டிப்போக்காரர் தம்பியை நிழலாகத் தொடர்ந்தார். ரொட்டிக்காரர் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். "தண்ணி டம்ளர நீ தூக்காத, நான் தர்றேன்." "நிக்காதடா, சாஞ்சு உக்காரு." குளியலறைத் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, "தம்பி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அவர் பாடவில்லை. 'இழுப்பு' என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் சுற்றிப்போகிற அந்த இடம் வீட்டுக்குள் ஒரு பெரிய சாமானைப்போல் கிடந்தது. ரொட்டிக்காரர் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டார். மனைவியிடம் மட்டும் ஒரு சொல் பேசவில்லை. மாத்திரையை நீட்டினால் வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று வாலு திரைக்காரியைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஓரகத்தி திரைக்காரியின் காயம்பட்ட புறங்கையில் மருந்து தடவிவிட்டு, "அந்தத் திரையைப் பாத்தப்பவே எனக்கு ஏதோ பட்டுச்சுடி. கேட்டிருக்கணும்" என்றாள். டிப்போக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அன்னிக்கு நீ மட்டும் முன்னால நிக்கலன்னா..." என்றார். கையெடுத்துக் கும்பிடப் போனார். திரைக்காரி பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

அவர்கள் போனபிறகு வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது. டாக்டரிடம் போய் வந்தார்கள். மாத்திரையின் அளவைக் கூட்டினார், வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து என்றார். ரொட்டிக்காரர் அதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். வழியிலும் பேசவில்லை. அண்ணன் தினமும் போன் செய்து, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். "போட்டேண்ணே" என்று அதற்கு மட்டும் அவர் குரல் வீட்டில் கேட்டது. திரைக்காரி கடையில் யாருடைய ஜன்னலுக்கோ தைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணீர் துணியில் சொட்டும். சொட்டிய இடம் மடிப்புக்குள் போகும்படி தைத்துவிடுவாள். ஒருநாள் பக்கத்து மெஷின்காரி, "வீட்டுல என்ன?" என்று கேட்டாள். "உயிரோட இருக்காரு" என்று சொன்னாள்.

இப்படியே பல நாள். ஒரு சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்தபோது ரொட்டிக்காரர் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு" என்றார்.

அவள் பையைக்கூட இறக்காமல் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

"என்னது?"

"எனக்கு ஞாபகம் இல்ல. சாவியத் தேடினது ஞாபகம் இருக்கு. அப்புறம் அண்ணன் மூஞ்சிதான். நடுவுல ஒண்ணுமே இல்ல. துடைச்சு எடுத்த மாதிரி இருக்கு. நீ தெருவுல என் மானத்த வாங்கினேன்னு தெரியும், அதுவும் அண்ணன் பேச்சுலருந்து தெரிஞ்சுக்கிட்டது. மொதல்லேருந்து சொல்லு."

அவள் சொன்னாள். வயிற்று வலியிலிருந்து, அரிசி டப்பாவிலிருந்து, பூட்டாத பூட்டிலிருந்து. அவர் குறுக்கிட்டார்.

"வாலு எங்க உக்காந்திருந்தா?"

"உங்க பக்கத்துல. முன்னாடி."

"பெல்ட்?"

"நீங்கதான் போட்டு விட்டீங்க."

ரொட்டிக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீ நின்னப்ப நான் என்ன பண்ணேன்?"

"ஹார்ன் அடிச்சீங்க."

"உன் மேலயா?"

"ம். ரெண்டு தடவ."

"நீ நகரலையா?"

"நகரல."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் அசைந்தது. ஒரு கணம் மறுபடி வருகிறதோ என்று அவர் தலைப் பக்கம் கையை நீட்டினாள். இல்லை, அழுகைதான். வெறும் அழுகை. அவள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் தள்ளவும் இல்லை, சாயவும் இல்லை.

"எனக்கு இன்னும் கோவம் போகல" என்றார், முகத்தைத் தூக்காமலே.

"போக வேண்டாம்" என்றாள் திரைக்காரி. "கோவத்தோடயே எந்திரிச்சு வாங்க. சாப்பிடலாம்."